கிடாய்த் தாடி முடி

ஜலகண்டாபுரத்தில் சவரக்கடை வைத்திருந்த நசுருல்லாவை ஊரில் சந்தேகப் பிராணி என்று கேலி பண்ணுவார்கள். குடிக்கிற தண்ணீரைக்கூட எந்தக் கிணற்றில் சேந்தியது என்று கேட்டுத்தான் வாங்குவார். அவர் கடையில் நுரை கிடையாது. தண்ணீரைத் தொட்டுக் கன்னத்தை விரலால் தேய்த்துத் தேய்த்து இளக்குவார், அப்புறம் கத்தி. தறிக்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

தம்பி ஜாபருக்குத்தான் போதவில்லை. அவன் மேட்டூரில் அணை கட்டும் வேலையில் ஃபிட்டர். அங்கே துரைமார் முகம் முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை பூசிக்கொண்டு சவரம் செய்வதைப் பார்த்துவிட்டான். தாய் தகப்பன் இல்லாத அந்தத் தம்பியைச் சிறுவயது முதல் வளர்த்து ஆளாக்கியவர் நசுருல்லா. மஸ்தான் பீவி என்ற பெண்ணை அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவன் வாய்விட்டு அவரிடம் கேட்டது இது ஒன்றுதான்.

"அண்ணே, நிக்காவு அன்னைக்கு எனக்கு நொரை போட்டு வழிச்சு உடணும்."

"உட்டாப் போச்சு" என்றார் அண்ணன்.

சொல்லிவிட்டாரே தவிர, பிரஷுக்கு எங்கே போவது? சேலத்துக் கடைவீதியில் சோப்பும் சீப்பும் விற்கிறவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். முதலில் எடுத்ததை எல்லாக் கடைகளிலும் வைத்திருக்கிறார்களாம், பன்றி முடி. நசுருல்லா இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். அடுத்தது குதிரை முடி. ஜெர்மன் சண்டையில் பட்டாளத்துக்காரர்கள் சிலருக்குக் குதிரை முடி பிரஷால் முகத்தில் விஷப்புண் வந்தது என்று மிலிட்டரியிலிருந்து வந்த ஒருவர் சொல்லக் கேட்டிருந்தார். அதுவும் வேண்டாம். மூன்றாவது பூப்போல இருந்தது. சீமையில் வளை தோண்டி வாழும் ஏதோ ஒரு பிராணியின் முடியாம். அது என்ன தின்னும் என்று நசுருல்லா கேட்டார். கடைக்காரருக்குத் தெரியவில்லை. என்ன தின்னும் என்று தெரியாத பிராணியின் முடியைத் தம்பி முகத்தில் வைப்பாரா?

ஊருக்குத் திரும்பும்போதே முடிவு பண்ணிவிட்டார். நமக்குத் தெரிந்த ஆடு, அதன் முடியில் நாமே கட்டிவிடலாம். மேச்சேரிச் சந்தைக்குப் போய், ஆடு மேய்க்கும் சடையனைப் பிடித்தார். அவனிடம் வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றின் தோல் காய்ந்து கிடந்தது. தாடி நீளமாக, பட்டு மாதிரி இருந்தது.

"அறுத்த ஆடா, செத்த ஆடா?"

"அறுத்ததுதானுங்க பாய். உங்காளு ஒருத்தரு உங்க மொறைப்படி பிஸ்மி சொல்லித்தான் அறுத்தாருங்க. நாங் கண்ணால பாத்தனுங்க."

நசுருல்லாவுக்கு மனசு குளிர்ந்தது. முடியைச் சீயக்காய் போட்டு அலசி, வாரி, நூலால் இறுக்கிக் கட்டி, மூங்கில் பிடியில் அரக்கு ஊற்றிப் பதித்தார். தாமே தாடி வைத்திருந்ததால் முகத்தில் போட்டுப் பார்க்க வழியில்லை. முன்கையில் தேய்த்துப் பார்த்தார். நுரை பொங்கி வந்தது. வேறு யாருக்கும் அதை எடுக்கவில்லை. நிக்காஹ் அன்று காலை ஜாபரை உட்கார வைத்து, நுரை போட்டு, இரண்டு தரம் வழித்துவிட்டார். ஜாபர் கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் தாடைக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்தது. அரித்தது, வலிக்கவில்லை. கத்தி பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஆறாம் நாள் கொப்புளம் கரியாகக் கறுத்து, கழுத்து வீங்கி, காய்ச்சலில் உடம்பு கொதித்தது. வண்டி பிடித்துச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் பார்த்த உடனே, சவரம் எதில் செய்தது என்றுதான் கேட்டார்.

"ஆட்டுக்கு வர்ற அடைப்பான் நோவு இது. அந்தக் கிருமி முடியில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், கத்தி கீறுன எடத்துல உள்ள ஏறிரும். சீயக்காய்க்கெல்லாம் சாகாது" என்றார். பிரஷை வரவழைத்து எரிக்கச் சொல்லிவிட்டார்.

நசுருல்லா மேச்சேரிக்கு ஓடினார். சடையன் ஒன்றையும் மறைக்கவில்லை. கிடாய் விடியக்காலையில் வயிறு உப்பித் தள்ளாடியதாம். செத்துவிட்டால் கறி விலை போகாதே என்று அவசர அவசரமாக அறுத்திருக்கிறார்கள். ரத்தம் கறுப்பாக வந்ததைப் பார்த்துப் பயந்து கறியைப் புதைத்துவிட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொண்டானாம்.

"நீங்க அறுத்ததான்னுதானுங்க கேட்டீங்க. எதுக்கு அறுத்தீங்கன்னு கேக்கலீங்களே" என்று அழுதான். அவனை என்ன சொல்ல? ஆயிரம் கேள்வி கேட்கிற மனிதர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்துவிட்டார்.

பத்தாம் நாள் ஜாபருக்குப் பேச்சு குழறியது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். "மஸ்தான் பீவிகிட்ட இதைச் சொல்லிராதீங்கண்ணே. உங்க கையால ஆச்சுன்னு அவ நெனைக்கக் கூடாது." சொல்ல மாட்டேன் என்று நசுருல்லா தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே ஜாபர் போய்விட்டான்.

அவன் மனைவி மஸ்தான் பீவி, புருசனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய இத்தாவின் நாலு மாதம் பத்து நாளும் நசுருல்லா வீட்டில்தான் இருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து, "மச்சான் சாப்பிட்டாங்களா?" என்று அவர் மனைவியிடம் விசாரிப்பாள். பிரஷ் சங்கதி தெரியாததால், தம்பியை இப்படிப் பார்த்துக்கொண்டவர் உண்டா என்று ஊரே அவருக்கு ஆறுதல் சொன்னது. ஒருவரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்று திரை வரைக்கும் போவார். தம்பிக்குக் கொடுத்த வாக்கு தடுக்கும். திரும்பி வந்துவிடுவார்.

இத்தா முடிந்து அவளைக் கூட்டிப்போக அவளைப் பெற்ற அத்தா வண்டியோடு வந்தார். கிளம்பும்போது திரைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"மச்சான், அவுருக்குன்னு நீங்க கட்டுன சவரப் புருசை எனக்குக் குடுத்துருங்க. 'எங்கண்ணன் எனக்காக ஊர் ஊரா அலைஞ்சு கட்டுனது'ன்னு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாருங்க."

நசுருல்லா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது தொலைஞ்சு போச்சும்மா" என்றார்.

"தொலைஞ்சு போச்சுங்களா?" என்றாள் அவள். "அவரு ஆசைப்பட்டுக் கேட்ட சாமான் அது ஒண்ணுதானுங்களே. அதைய ஒரு மூலையில பத்திரமா வெக்கக்கூடவா உங்களுக்கு முடியல? கூடப் பொறந்தவருதானுங்களா நீங்க?"

அழுதுகொண்டே ஏசினாள். அவளுடைய அத்தா பதறிப்போய், "என்ன பேச்சு இது, பெரியவுங்ககிட்ட!" என்று அதட்டினார்.

"அதட்டாதீங்க மாமா" என்றார் நசுருல்லா. "பேசட்டும். இன்னும் பேசட்டும்."