வழியை மறித்த பச்சை சைக்கிள்

போன வாரம் தென்காசியில் ஒரு சைக்கிள் கடையைத் தாண்டும்போது புது டயரின் ரப்பர் வாசனை வந்தது. எனக்கு அது சாரல் வாசனை. நீங்கள் சிரிக்கலாம். அறுபதுகளின் தொடக்கத்தில், வேலையில் சேர்ந்த புதிதில், சீசன் வந்தால் ஞாயிறுதோறும் குற்றாலத்துக்கு சைக்கிள் மிதிப்பேன். அங்கே அருவிக்குப் பக்கத்தில் சைக்கிள் நிறுத்த மீரான் அண்ணாச்சி போட்டிருந்த ஓலைக் கொட்டகையில் நனைந்த சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். உள்ளே நுழைந்தாலே ரப்பர் வாசனைதான்.

கொட்டகைக்கு ஒரே வாசல். முதலில் வந்தவர் சைக்கிள் கடைசியில் மாட்டிக்கொள்ளும். நான் கெட்டிக்காரன் அல்லவா? ஒருநாள் என் பச்சை சைக்கிளை வாசலிலேயே குறுக்கே நிறுத்திப் பூட்டினேன்.

"அங்கன வைக்காதிய தம்பி, வழி அடைக்கும்" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டே நிமிசம் அண்ணாச்சி!"

அருவிக்குள் நிற்பவனுக்கு நிமிடக் கணக்கு ஏது? "ஏலே, அந்தப் பச்சை சைக்கிள் தம்பி எங்க?" என்று அவர் கத்திக்கொண்டு வந்தபோதுதான் சுரணை வந்தது. சாவி என் அரைஞாண் கயிற்றில். ஈரத்துண்டோடு ஓடினேன்.

வாசலில் நர்ஸ் ஞானம்மா நின்றார். குளிக்க வந்த அவரைத் தேடி இலத்தூரிலிருந்து ஒருவர் லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர் மனைவிக்குப் பிரசவ வலி. குழந்தையின் கால் முதலில் தெரிகிறதாம். ஞானம்மாவின் சைக்கிளோ உள்ளே, கடைசி வரிசையில்.

"சாவியத் தாங்க தம்பி. இதுலயே போயிருதேன்."

"இது பார் வச்ச சைக்கிளும்மா..."

"புள்ளைக்கு அது தெரியுமா?"

சேலையை வரிந்து செருகி, காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். ஒரு பெண் ஆண்கள் சைக்கிள் ஓட்டி அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தென்காசிக்கு நடந்தே வந்தேன்.

மறுநாள் ஞானம்மா விசாரித்துக்கொண்டு, சைக்கிளோடு என் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காவ. பொம்பளப் பிள்ள. ஒங்க சைக்கிள்லதான் பிரேக்கு புடிக்க மாட்டேங்கு."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், அதற்குள் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கொட்டகையின் நடுவில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். நடுவே ஒரு சைக்கிளை உருட்டிப்போகும் அகலம். "இதுக்குள்ள டயர் பட்டா, தூக்கி ஓடையில போட்டுருவேன்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, அண்ணாச்சி என்னை மட்டும் பார்த்தார்.

கொட்டகை போய் எத்தனையோ வருஷமாகிறது. போன வாரம் அப்படியே அங்கேயும் போய்ப் பார்த்தேன். இப்போது கார்கள் மூக்கோடு மூக்கு உரச நிற்கின்றன. அவசரமென்றால் ஒருவர் எந்த வழியாக வெளியே போவார் என்று சுற்றிச்சுற்றித் தேடினேன். வழி தென்படவில்லை.