சஹனிலிருந்து எழுந்தவர்

அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஏரலில் என் தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்த, அவனுடைய பழைய வாத்தியார். இளைத்துப்போன இடுப்பில் பேண்ட் நிற்பதற்காக பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பின்வாசல் எங்கே என்று பார்த்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் முஸ்லிம் கல்யாணங்களில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். "பொறவு சாப்பிடுதேன்" என்று அவர் நழுவியபோது எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் சார், எங்க தட்டுல கை வைக்கக் கூசுதா?" என்று பந்தியே திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டேன்.

வந்து உட்கார்ந்தார். மூன்றே கவளம்தான். முகம் வெளிறி எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

"பாத்தீரா வே, திமிர!" என்றார் பெரியப்பா, பக்கத்திலிருந்தவரிடம்.

நான் சண்டை போடத்தான் பின்னாலேயே போனேன். கக்கூஸிலிருந்து வந்தவர் குழாயடியில் நின்று பையச் சொன்னார். "குடல்ல பாதிய வெட்டி எடுத்துட்டாங்க தம்பி. சோறு உள்ள போனதும் கீழ முட்டிக்கிட்டு வந்துருது. அடக்க முடியல."

"உள்ள வாங்க சார். நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

"வேண்டாம். திமிர் பிடிச்சவன்னே நெனச்சுக்கிடட்டும். அது தேவல."

இன்றும் வீட்டில் சஹன் வைத்தால் அந்தத் திமிர் பிடித்த வாத்தியாரைப் பற்றிப் பெரியப்பா பேசுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறேன். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.