மன்றாடாமல் ஒரு கடிதம்

கோசலா தட்டச்சு வேலை பார்த்த காலத்தில், கண்டி நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் இருந்த அவளுடைய சிறிய அறையில் ஒரு வழக்கம் உண்டு. பிறருக்காக ஆங்கிலத்தில் அடித்த கடிதத்தை, கையெழுத்து வாங்குமுன் அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவாள். "அவையின்ர பேரில போற கதை அவைக்குத் தெரியவேணும்" என்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாகியும் அவள் பேச்சு மாறவில்லை.

அந்த வழக்கம் ஒருமுறை அவளையே மடக்கியது.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ரத்தினம்மா வந்திருந்தாள். கணவன் இருளப்பன் இறந்து ஆறு நாள். ஒரே மகள் நிஷாந்தினி குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். பதினாறாம் நாள் கருமாதிக்கு அவளை அனுப்பும்படி அந்த வீட்டுக்காரிக்குக் கடிதம் வேண்டும்.

கோசலா மளமளவென்று அடித்தாள். இதே வாசகத்தை நூற்றுக்கணக்கில் அடித்துப் பழகிய கை. பிறகு வாசித்தாள்: "எனது மகளை அனுப்பிவைக்கும்படி மிகத் தாழ்மையுடன் மன்றாடுகிறேன்..."

"நில்லுங்க மிஸ். மன்றாடுறதா?"

"ஓம் அம்மா. இங்கிலீசில 'பெக்'. எல்லாரும் இப்பிடித்தான் எழுதுறவை."

"எங்க மாமனாரு தோட்டத் தொரைக்கு அப்படித்தான் எழுதுனாரு. கூரைக்குத் தகரம் போடவும் மன்றாடணும், லீவுக்கும் மன்றாடணும். நான் மாரியம்மாகிட்ட மன்றாடுவேன். இந்தப் பொம்பள என்ன மாரியம்மாவா?"

கோசலாவுக்குச் சிரிப்பு வந்தது. துக்கக்காரி முன்னால் அடக்கிக்கொண்டாள். "அப்ப 'ரிக்வெஸ்ட்' எண்டு போடுறன். வேண்டிக்கொள்ளுறது."

"அது கந்தோரு ஆபீசருக்கு எழுதுற மாதிரியில்ல இருக்கு? அவ புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுறது எம்மக. ஒரு அம்மாகிட்ட இன்னொரு அம்மா கேக்குற மாதிரி சொல்லு கெடையாதா?"

இருந்தது. 'ஆஸ்க்'. அதில் பணிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. கோசலாவைப் பயமுறுத்தியதும் அதுதான். மன்றாடிய கடிதங்களிலேயே பாதிக்குப் பதில் வருவதில்லை. வெறுமனே கேட்டால், திமிர் என்று நினைத்து அந்த வீட்டுக்காரி பெண்ணை நிறுத்திவைத்துவிட்டால்? 'பெக்'கை அப்படியே விட்டுவிட்டு, 'கேட்கிறேன்' என்று வாசித்துக் காட்டலாம். ரத்தினம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. மகள் வந்து சேர்ந்தால் போதாதா?

நிமிர்ந்து பார்த்தாள். ரத்தினம்மா கையெழுத்துப் போட ஆயத்தமாகப் பேனாவைப் பிடித்தபடி, திரையில் தனக்குப் புரியாத எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோசலா அந்தச் சொல்லை அழித்தாள். 'ஆஸ்க்' என்று அடித்தாள்.

"வேற என்ன சொல்லவேணும், அம்மா?"

"பத்து நாள்ல திருப்பி அனுப்பிர்றேன்னு சொல்லுங்க. அந்த வீட்டுச் சின்னது இவ இல்லாம தூங்காதாம். இவ போர்வைய அங்க விட்டுட்டு வரச் சொல்றேன்னு போடுங்க."

அதுவும் கடிதத்தில் ஏறியது. படமெடுத்து நிஷாந்தினியின் போனுக்கு அனுப்பினார்கள்.

மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. கோசலாவுக்கு வேலை ஓடவில்லை. தன் கையாலேயே அந்தப் பெண்ணின் வழியை அடைத்துவிட்டோமோ என்று தவித்தாள்.

நான்காம் நாள் ரத்தினம்மா போனில் பேசினாள். "டிக்கெட் போட்டுட்டாங்களாம் மிஸ். ஆனா பத்தொம்பதாம் நாளுக்குத்தான் கெடச்சுச்சாம்."

"ஐயோ, அப்ப கருமாதி?"

"இருவதுக்குத் தள்ளி வச்சாச்சு. மனுசன் எங்க ஓடிறப் போறாரு? மகளுக்காகப் பொறுத்துக்குவாரு."

இருளப்பனைக் கோசலா கண்டதேயில்லை. ஆனாலும் இருபதாம் நாள் காலை அறையைப் பூட்டிவிட்டு, தெல்தோட்டை பஸ்ஸில் ஏறினாள்.