சின்ன முள்ளை மட்டும் பூட்டிப் பார்க்கவில்லை

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, மீன் நம்பிக் கடிக்கும் பூச்சி போலக் கட்டுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் பழைய இடுக்கி வழுக்கத் தொடங்கியதால், இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, பாவித்த இடுக்கி வாங்க, தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவுக்குப் போனேன்.

புதிதின் விலையில் பாதிகூட இல்லை. அதுவே எனக்குச் சந்தேகம். விற்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். தேநீர்க்கடை மேசையில் அதைப் பூட்டி வைத்திருந்தார். திருகாணியைத் திருகிப் பார்த்தேன். களவுப் பொருளோ என்று, அது வந்த பெட்டியையும் கேட்டேன். பெரிய முள்ளைப் பூட்டி இழுத்தேன், அசையவில்லை.

"அண்ணை, சின்ன முள்ளையும் பூட்டிப் பாருங்கோ. நான் பெரிய மீனுக்குத்தான் கட்டுறனான்," என்றார்.

வேறு ஏதோ பழுதை மறைக்கத்தான் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். சட்டைப்பையில் சின்ன முட்கள் இருந்தும் எடுக்கவில்லை.

புறநகரான ஸ்தேனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சின்ன முள்ளைப் பூட்டி நூலை இறுக்கினேன். முள் தெறித்து வந்து, கண்ணுக்கு நேரே மூக்குக்கண்ணாடியில் அடித்தது.

தொலைபேசியில் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "ஓம் அண்ணை, அதுக்குத்தான் சொன்னனான். திருப்பிக் கொண்டு வாங்கோ," என்றார்.

அவரில் எத்தனையோ சந்தேகப்பட்டேன். உண்மை சொல்கிறாரோ என்று மட்டும் சந்தேகம் வரவில்லை. இப்போது எந்த இடுக்கியைப் பார்க்கப் போனாலும் சின்ன முள்ளைத்தான் முதலில் பூட்டுகிறேன், கண்ணாடியைக் கழற்றாமல்.