பிரவுனிக்கு ஆக்கிய சோறு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் மூன்று வேளையும் சோறு சாப்பிட்ட ஒரே ஜீவன் எங்கள் நாய்தான். மற்ற எல்லாருக்கும் காலையில் ரொட்டி, கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, ராத்திரிக்கு மட்டும் சோறு, அதுவும் கடையில் அரிசி என்ன விலை சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து. அந்த நாய்க்கு ரொட்டி ஒத்துக்கொள்ளாதாம். கோதுமை மாவு ஒத்துக்கொள்ளாத வயிற்றை வைத்துக்கொண்டு அது தோட்டத்து லயத்துக்கு வந்தது என் குற்றமா?

அது மேலே பங்களாவில் இருந்த நாய். மாற்றலாகிப் போன தோட்டத்துத் தொரை பீரோவைக்கூட ஏற்றிக்கொண்டு போனார், நாயை விட்டுவிட்டார். தேயிலை பெக்டரி வாசலில் சுருண்டு கிடந்ததை, அங்கே வேலை செய்த அப்பா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பெயர் பிரவுனி. அம்மா போட்ட முதல் ரொட்டியை ஆவலாகத் தின்றது, தின்ற வேகத்திலேயே கக்கியது. பிறகு கழிச்சல். ஒரு வாரம் சரியாகும், மறுவாரம் மறுபடி ஆரம்பிக்கும்.

அப்பா அதை ஆட்டோ பிடித்து ஹட்டனுக்குக் கொண்டுபோனார். எனக்குப் பல்வலி வந்தபோது பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிப்போன அதே அப்பாதான். மிருக வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை வந்து அம்மாவிடம் ஒப்பித்தார். இது ஒரு மருந்தில் போகிற நோய் இல்லை. மாவு கூடாது, எண்ணெய் கூடாது, உப்பு உறைப்பு எதுவும் கூடாது. குழையக் குழைய ஆக்கிய சோறு, அவித்த பூசணிக்காய், அவித்த கோழி. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டும்.

"இவளப் பெத்தப்பக்கூட எனக்கு இப்புடி யாரும் பத்தியம் ஆக்கிப் போடல," என்றாள் அம்மா. "நான் ஆக்க மாட்டேன். வேணும்னா நீங்களே ஆக்கிக்கங்க."

"ஆக்கிக்கிறேன்," என்றார் அப்பா.

அதுவரை தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனிதர். அடுத்த நாளே விடியலில் அடுப்பின் முன் குந்தியிருந்தார். சோறு கொதிக்கிற வாசனையில் நான் விழித்துக்கொள்வேன். எழுந்து போனால் என் தட்டில் ரொட்டி இருக்கும்.

சோற்றோடு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பல் விளக்கிக்கொண்டே பின்னால் சாக்கடைக் கானோரம் போய், பிரவுனி வெளிக்கு இருந்துவிட்டு வந்த இடத்தைக் குனிந்து ஆராய்வார். என் ரிப்போட் கார்டை அவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. நான் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் ஒரு வகுப்பைக் குறைத்துத்தான் சொல்வார்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாமாவுக்கு இது பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. அவருக்கு அப்பாவிடம் ஒரு பழைய பாக்கி இருந்தது. முன்பு கேஸ்ட்ரிக் வந்து அவர் கொஞ்ச நாள் கஞ்சி குடித்தபோது, அப்பாதான் அவருக்குக் 'கஞ்சித் தொரை' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் லயத்தைத் தாண்டி, கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போய், கடைசியில் கோயில் கூட்டத்தில்கூட ஒட்டிக்கொண்டது. நோய் போயும் பெயர் போகவில்லை.

"என்னா மச்சான், மகனுக்கு இன்னைக்கு எப்புடிப் போச்சு?" என்று மாமா வேலிக்கு மேலால் கத்துவார்.

"ஒன்னவிட நல்லாப் போச்சு, கஞ்சித் தொர!"

மகனாம். அந்த வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன். எனக்கும் ஒரு சட்டி சோறு வராமலா போகும்? அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"சாப்பிட்ட ஒடனே வலிக்குதா, இல்ல வெறும் வயித்துலயா?"

"ரெண்டுலயும்."

"எரிச்சலா, குத்தலா? முதுகுப் பக்கம் போகுதா?"

இவ்வளவு நுணுக்கமான கேள்விகளை நான் எதிர்பார்க்கவில்லை. "கால் வரைக்கும் போகுது," என்று சொல்லிவைத்தேன்.

"ஒனக்கு ஒண்ணுமில்ல புள்ள. எந்திரிச்சு ரொட்டியத் தின்னு."

நோயில் அந்த நாயை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோனது. சமையலில் இறங்கினேன். அம்மாவிடம் மாவு பிசையவும் தேங்காய்ப் பூ சேர்க்கவும் கற்றுக்கொண்டேன். முதல் ரொட்டி பாதி கல்லோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தடுத்தவை வட்டமாகவே வந்தன. சுடச்சுட அப்பாவின் தட்டில் வைப்பேன். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, "நல்லாருக்கு புள்ள," என்பார். பிறகு தட்டை நகர்த்திவிடுவார். "வயிறு நெறஞ்சிருக்கு. அம்மாவுக்குக் குடு." தினமும் இதே பேச்சுதான். எதைத் தின்று அவர் வயிறு நிறைந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டார்கள். அம்மா மலையில் இருந்தாள். நான் பின்பக்கமாக நுழைந்தேன். பெக்டரியிலிருந்து மத்தியான இடைவேளைக்கு வந்திருந்த அப்பா குசினியில் அடுப்போரம் குந்தியிருந்தார். முன்னால் பிரவுனியின் சட்டி. ஒரு கை அள்ளி நாயின் தட்டில் வைத்தார், அடுத்த கை தன் வாய்க்குப் போனது. பிரவுனி தன் முறைக்காக மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா செய்றீங்க?"

"உப்பு பாத்தேன்," என்றார்.

அந்தச் சோற்றுக்கு உப்பே போடுவதில்லை என்பது லயத்துக்கே தெரியும்.

எனக்கு உச்சி வரைக்கும் எரிந்தது. நாயோடு பங்குபோட்டுத் தின்ன வயிற்றில் இடமிருக்கிறது, நான் கையைச் சுட்டுக்கொண்டு சுடுகிற ரொட்டிக்கு மட்டும் இல்லை! "நாயிச் சோத்தத் தின்னீங்கன்னு மாமாகிட்டச் சொல்லப் போறேன்," என்று திரும்பினேன்.

"வேணாம் புள்ள."

அப்பா கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அந்தக் குரலில் என் பலம் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப என் ரொட்டியச் சாப்பிடுங்க. முழுசா."

காலையில் சுட்டது ஒன்று மூடி வைத்திருந்தது. கொஞ்சம் கட்டச்சம்பலும் இருந்தது. மிளகாய் சிவக்கச் சிவக்க அரைத்த சம்பல். தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அப்பா ஒவ்வொரு துண்டாகப் பிட்டு, சம்பலில் தொட்டு, மென்று, தட்டு வெறுமையாகும்வரை சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. ருசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன். பிரவுனியை ஒரு பார்வை பார்த்தேன்.

பல வருஷம் கழித்து நுவரெலியா ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இந்த வயிற்றுப் புண் ரொம்பப் பழசு, இத்தனை காலம் இவர் எப்படித்தான் சமாளித்தார் என்று என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் ஜெயித்துவிட்டேன் என்பதுதான். சாயங்காலம் அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கினபோது, பின்னால் கானோரத்தில் யாரோ ஓங்கரித்துக் கக்குகிற சத்தம் கேட்டது.

"அந்த நாயி மறுபடி ஆரம்பிச்சிருச்சா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. அப்பாவும் அங்கதான் இருக்காரு," என்றேன். எட்டிப் பார்க்க எனக்கு நேரமில்லை. ராத்திரிக்கு அப்பாவுக்கென்று இன்னும் பெரிதாக ஒரு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை பச்சை மிளகாயும் அரிந்து போட்டிருந்தேன்.