ரெஜினாவுக்கு வந்ததும் எனக்கு வராததும்

சனிக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் அறக்குளா மீனை வெட்டித் தரச் சொல்லிவிட்டுக் காத்துநின்றபோது ஷெரினின் அழைப்பு வந்தது. ஷெரின் என் மச்சாள் ரெஜினாவின் மகள். "அன்ரி, அம்மா போயிட்டா. காலமை தேத்தண்ணி வைக்கப் போனவ, குசினிக்குள்ளயே விழுந்திட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சுது" என்றாள். நான் முதலில் கேட்ட கேள்வியை எழுத வெட்கமாக இருக்கிறது. "வேற ஆருக்கெல்லாம் சொன்னனீ?" என்றுதான் கேட்டேன். பங்குச் சுவாமிக்கு, ஓர்கன் வாசிப்பவருக்கு, பக்கத்து வீட்டாருக்கு, பிறகு என் தம்பி ஜூட்டுக்கு. ஜூட் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தும் விட்டானாம். எனக்குத்தான் கடைசியில் சொல்லியிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பாடகர் குழுவினராகிய நீங்கள் கேட்டீர்கள். "நீங்கள்தானே அவவோட ஒண்டா வளந்தனீங்கள்" என்றீர்கள். உண்மைதான். அவளுடைய அம்மாவும் என் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் இருந்தோம். அவள் என்னைவிட நாலு மாதம் மூத்தவள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த எங்கள் தாத்தாவிடமிருந்து வந்த நல்லதெல்லாம் அந்த வீட்டுக்கே போயிற்று என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய குரல், உயரம், எதைத் தின்றாலும் சதை வைக்காத உடம்பு எல்லாம் ரெஜினாவுக்கு. எனக்கு அவருடைய அகன்ற மூக்கு.

சின்ன வயதில் ஒருமுறை கோவிலில் நத்தார் பாட்டில் தனியாகப் பாட ஆள் தேவைப்பட்டது. சுவாமி எங்கள் இருவரையும் பாடிக்காட்டச் சொன்னார். ரெஜினா முதல் இரண்டு வரிகளைப் பாடினாள். அதன்பின் என்னைப் பாடச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லவேளை உன்னைக் கேக்கேல்ல. நீ பாடியிருந்தா நான் துலைஞ்சன்" என்று காதில் சொன்னாள். கேலி செய்கிறாள் என்று இரண்டு கிழமை அவளோடு கதைக்காமல் இருந்தேன்.

நாற்பது வயதில் எனக்குப் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாவற்றுக்கும் குளிசை தொடங்கியாயிற்று. கோவில் திருநாளன்று அவள் வீட்டில் நான் வெள்ளரிக்காய்த் துண்டுகளை மென்றுகொண்டிருக்க, அவள் மூன்றாவது லவ் கேக்கை எடுப்பாள். ஒருமுறை வெள்ளவத்தையில் என் தொடர்மாடியில் லிப்ட் பழுதாகிவிட்டது. அவள் நாலு மாடியும் ஏறி, கையில் ஒரு முழுப் பலாப்பழத்தோடு வாசலில் நின்றாள். மூச்சு வாங்கவில்லை. கதவைத் திறக்க நடந்து வந்த எனக்குத்தான் வாங்கியது.

நாலு வருடத்துக்கு முன் கனடாவில் அவளுடைய தம்பி வேலைத்தலத்தில் மாரடைப்பு வந்து விழுந்து இறந்தான். நாற்பத்தொரு வயது. அங்குள்ள டொக்டர்கள் கூடப்பிறந்தவர்களையும் இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். "தனியப் போகப் பயமாக் கிடக்கு, நீயும் வாவன்" என்று ரெஜினா கூப்பிட்டாள். நானும் போய், என் இரத்தத்தையும் கொடுத்தேன்.

முடிவு வந்த அன்று டொக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். "உங்கட சாதாரண கொலஸ்ட்ரோல் நல்லாத்தான் இருக்கு. இது வேற. கொலஸ்ட்ரோலைச் சுமந்துகொண்டு இரத்தத்தில ஓடுற ஒரு துணிக்கை. லிப்போபுரோட்டீன் ஏ எண்டு பேர். கூடுதலா இருந்தா நாடிச் சுவரில படிஞ்சு அடைச்சுப்போடும். ஆருக்கு எவ்வளவு எண்டது தாய் தகப்பனிட்ட இருந்து பிறக்கேக்கயே வந்திடும். சாப்பாட்டைக் குறைச்சோ நடந்தோ இதைக் குறைக்க ஏலாது. மற்ற ஆபத்துகளைத்தான் குறைச்சு வைக்கலாம்."

ரெஜினாவுக்கு மிக அதிகம். எனக்கு இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைவு. காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது என் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "பாத்தியா, ஒருக்காவாவது என்னை வெண்டிட்டாய்."

"என்னடி விசர்க்கதை" என்றேன்.

"சின்னனில இருந்தே எனக்குத் தெரியும், மச்சாள். பரவாயில்ல, சந்தோசப்படு."

நான் சந்தோசப்பட்டுத்தான் இருந்தேன். அவள் சாகவேண்டும் என்றல்ல. தாத்தா வீட்டுச் சொத்தில் எனக்கு வராமல் போனதற்காக முதன்முதலாக மகிழ்ந்தேன், அவ்வளவுதான். அது பம்பலப்பிட்டி வரைக்கும்கூட நிலைக்கவில்லை. பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர அம்மாவும் உன்ர அப்பாவும் ஒரே தகப்பன்ர பிள்ளையள்தானே. உனக்கு இல்லையெண்டா ஜூட்டுக்கும் இல்லையெண்டு இல்ல. அவனுக்குச் சொல்லு" என்றாள்.

நான் சொல்லவில்லை.

அப்பா எண்பது தாண்டி வாழ்ந்தவர், எங்கள் பக்கம் அது இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. ஷெரினைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து, அவளுக்கு இல்லை என்று தெரிந்த பிறகு, ரெஜினா சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் இரத்தம் பார்க்கச் சொல்லத் தொடங்கியிருந்தாள். போன இடமெல்லாம் அவள் பேச்சு. நோய் வந்தும் அவளுக்கே பேர் வருகிறதே என்று எனக்கு எரிந்தது. அவள் அனுப்பிய ஆளாக என் தம்பி வீட்டுக்குப் போக நான் விரும்பவில்லை. அவள் மூன்று முறை விசாரித்தாள். மூன்று முறையும், "சொன்னனான், பாக்கிறானாம்" என்று பொய் சொன்னேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அவளே தெஹிவளையில் ஜூட் வீட்டுக்குப் போனாள். "அக்கா எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்று ஜூட் திகைத்தானாம். "அவளுக்கு வேலை கூட, மறந்திருப்பாள்" என்று சொல்லி, அடுத்த நாளே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவனுக்கும் மிக அதிகம். மேற்கொண்டு பார்த்தபோது இதயத்துக்குப் போகும் முக்கிய நாடி ஒன்று பெரும்பகுதி அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனபோது ரெஜினா எனக்கு முன்பே சூப் பிளாஸ்கோடு அங்கே இருந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தம்பி தப்பிட்டான். மற்றதைப் பிறகு கதைப்பம்" என்றாள்.

பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. நான் வேண்டுமென்றே மறைத்ததை அவள் ஜூட்டிடமும் சொல்லவில்லை. இந்த மலரை வாசித்துத்தான் அவன் அறியப்போகிறான். அவளுக்கு நான் நன்றியுள்ளவளாக இருந்தேன். என்னை நன்றியுள்ளவளாக்கியதற்காக அவளை மன்னிக்கவும் முடியாமல் இருந்தேன்.

அவள் குளிசைகளைத் தவறவிடவில்லை. கேக்கைக்கூட விட்டாள். என்றாலும் போய்விட்டாள். ஆபத்தைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது என்று டொக்டர் அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஜூட் குழந்தைபோல அழுதான். நான் செத்தால் இவன் இப்படி அழுவானா என்று பின்னால் நின்று யோசித்தேன்.

ரெஜினா போகாத வீடு ஒன்று மிச்சம் இருந்தது. கிராண்ட்பாஸில் என் அப்பாவின் தம்பி மகன் ராஜன் வீடு. ஒரு கல்யாணச் சண்டைக்குப் பிறகு பதினொரு வருடமாக எங்கள் யாரோடும் கதைப்பதில்லை. போன கிழமை அங்கே போய் மணியை அடித்தேன். வாசலிலேயே நிறுத்திவைத்து நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"ரெஜினா மச்சாள் சாக முந்திச் சொல்லிவிட்டவவோ?" என்று கேட்டான்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இன்னும் கொஞ்சம் பேர் கிடைத்திருக்கும். "இல்ல, நானாத்தான் வந்தனான்" என்றேன். அந்த ஒன்றைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பொறாமை இன்னும் அப்படியே இருக்கிறது. அது என்னுடையது. ஆனால் பேசாத வீட்டின் மணியை அடிக்கும் துணிச்சல் அவளுடையது. அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அன்று ராஜன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "எந்தக் கையில இரத்தம் எடுக்கிறவை?" என்று கேட்டான்.