விஜயராணி அக்காவின் ஜெபக்குறிப்பு

எங்கள் சபையில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டுமென்றால் மைக் வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். யாராவது ஒருத்தியிடம் போய், "இத யாருட்டயும் சொல்லிராத, ஜெபத்துல மட்டும் வச்சிக்கிடு" என்றால் போதும். அடுத்த உபவாச ஜெபத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, குரலை உயர்த்தி, கர்த்தரிடம் சொல்லுகிற சாக்கில் நாற்பது பெண்கள் காதிலும் போட்டுவிடுவாள். கோள் மூட்டினாய் என்று சண்டைக்கும் போக முடியாது. ஜெபம் அல்லவா! இதைச் சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது, அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். தமிழில் டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக, சபையின் மாத ஊழியப் பட்டியலை அடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். தாராவியில் எங்கள் கோயில் சின்னது. நூற்று நாற்பது பேர் உட்கார்ந்தால் நூற்று நாற்பத்தோராவது ஆள் செருப்புகளுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த பழக்கம். மாதுங்கா பிராமண ஐயர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மாதம் முழுக்க ஏதாவது வேலை இருக்கும். முதல் ஞாயிறு நற்கருணை, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற ஆராதனை. இரண்டாம் சனி பெண்களின் உபவாச ஜெபம். மூன்றாம் ஞாயிறு ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போவோம். கடைசி ஞாயிறு கைப்பிடி அரிசி. உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைத்து, மாதக் கடைசியில் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவோம். இல்லாத வீட்டுக்கு அது போகும். இத்தனை வேலைக்கும் ஆள் பெயர் எழுதினாலும், முதல் ஞாயிறு நற்கருணை மேஜையை ஆயத்தம் பண்ணுகிற வேலைக்கு நேராக நான் பெயரே யோசித்ததில்லை. விஜயராணி என்று விரல் தானாக அடித்துவிடும். எனக்கு முன்னால் கையால் எழுதின பட்டியல்களிலும் அவள் பெயர்தான். இருபத்திரண்டு வருஷம்.

விஜயராணி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நாசரேத் பக்கத்து ஊர். ஹமீது பாயின் சட்டைப் பட்டறையில் பொத்தான் தைக்கிறாள். புருஷன் தேவசகாயம் போய் ஒன்பது வருஷமாகிறது. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறாள். அந்த அறையில் ஒருத்தர் புரண்டு படுத்தால் மற்ற நாலு பேரும் விழித்துக்கொள்ள வேண்டும். அழுகை வந்தால்கூட முந்தானையை வாயில் வைத்துத்தான் அழ வேண்டும் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கென்று மாதத்தில் ஒரு மணி நேரம் இருந்தது. முதல் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் கோயில் சாவியை வாங்கித் திறப்பாள். தானே துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பை மேஜையில் போடுவாள். கொரோனாவுக்குப் பிறகு ஒரே பாத்திரத்தில் எல்லாரும் குடிப்பதை நிறுத்தி, விரலளவு கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்கினோம். நூற்று நாற்பது கிண்ணங்களையும் தட்டுகளில் அடுக்கி, வீட்டில் காய்ச்சிய திராட்சை ரசத்தை மூக்கு நீண்ட கெட்டிலால் ஒவ்வொன்றிலும் ஊற்றுவாள். ஒரு சொட்டு சிந்தினால் விரிப்பில் கறை, பிறகு எந்த சோப்புக்கும் போகாது. "டீச்சர், அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னைய கூப்பிட மாட்டாவ. தண்ணி புடிக்கணும், பிள்ளைய எழுப்பணும், ஒண்ணுங் கெடையாது. நானும் அவரும் மட்டுந்தான்" என்பாள். அவர் என்றால் ஆண்டவர்.

போன ஜூனில் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஹமீது பாய் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "யம்மா, மடிப்புக்கு ஆளு இல்ல. நீங்க கொஞ்ச நாளைக்கு சட்டை மடிச்சுக் குடுங்களேன்" என்று மட்டும் சொல்லி அவளை வேறு இடத்தில் உட்கார வைத்தார். பட்டறையில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. இதை நான் இங்கே வேண்டுமென்றேதான் சொல்லுகிறேன்.

ஆஸ்பத்திரியில் தைராய்டு என்றார்கள். மாத்திரை கொடுத்து, மூன்று மாதத்தில் நடுக்கம் நின்றுவிடும் என்றார் டாக்டர். அக்காவுக்கு வியாதியைப் பற்றிப் பயமில்லை. மேஜை போய்விடுமோ என்றுதான் பயம். அந்த மூன்று மாதத்தைக் கடத்த ஒரு கை வேண்டியிருந்தது. எப்சிபாவிடம் போனாள்.

எப்சிபா எதிர்வீடு. பதினைந்து வருஷப் பழக்கம். அவளுடைய இரண்டாவது பிரசவத்தின்போது விஜயராணி அக்காதான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே இட்லிப் பானை. அவ்வளவு ஒட்டு.

"ஏட்டி எப்சி, டாக்டரு மூணு மாசந்தான்னு சொல்லுதாரு. அதுவரைக்கும் வெளிய தெரியாண்டாம். தெரிஞ்சா மேஜைய எடுத்துருவாவ. நீ எங்கூட வந்து ஊத்திக் குடு. யாருட்டயும் மூச்சு விட்டுராத. ஜெபத்துல மட்டும் வச்சிக்கிடு."

"நீ டென்ஷன் எடுக்காதக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் எப்சிபா.

ஜூலை முதல் ஞாயிறு எப்சிபா கூட வந்தாள். கெட்டிலைப் பிடித்தாள். எத்தனை கிண்ணம், எவ்வளவு ரசம், விரிப்பை எந்தப் பக்கம் மடிப்பது, எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அக்காவும் ஆசையாய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பைத்தியக்காரி.

அடுத்த சனிக்கிழமை உபவாச ஜெபம். சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக ஜெபித்தோம். எப்சிபாவின் முறை வந்தது. மகனின் படிப்பு, ஐயரின் ஊழியம், மழைக்கு ஒழுகும் கோயில் கூரை என்று வரிசையாகப் போனவள் திடீரென்று குரலை ஏற்றினாள்.

"அப்பா! எங்க விஜயராணி அக்காவ நெனைச்சருளும்! கிண்ணத்தப் புடிக்க முடியாம அந்தக் கை நடுங்குதே ஆண்டவரே! உம்முடைய பரிசுத்த மேஜையில சிந்திருமோன்னு அவ தவிக்குதாளே! யாருட்டயும் சொல்ல முடியாம மறைச்சு வச்சிருக்காளே அப்பா! அவளுக்கு எளைப்பாறுதலத் தாரும்!"

நாற்பது பெண்களும் "ஆமென்" என்றோம். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். விஜயராணி அக்கா கண்ணை மூடியபடியே இருந்தாள். மடியில் ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் வாயும் ஆமென் என்றுதான் அசைந்தது. முப்பது வருஷமாய் ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்லிப் பழகின வாய், வேறென்ன சொல்லும்?

அந்த மாதக் கடைசியில் ஐயரம்மா எனக்குப் போன் பண்ணினார். "டீச்சர், ஆகஸ்டுலருந்து மேஜைக்கு எப்சிபா பேரப் போடுங்க. வருஷக் கடைசி வரைக்கும் அவளே பாக்கட்டும். பாவம் விஜயராணி, ரெஸ்ட் எடுக்கட்டும்."

"யார் முடிவும்மா இது?"

"ஐயர்தான். உபவாச ஜெபத்துக்கு முந்துன புதன்கிழமையே எப்சிபா வீட்டுக்கு வந்து அழுதாளே. அக்காவுக்கு முடியல, நான் வேணும்னா சுமந்துக்கிடுதேன்னு. எவ்வளவு நல்ல மனசு பாத்தீங்களா!"

புதன்கிழமை. ஜெபம் நடந்ததோ சனிக்கிழமை. ஆக, மூன்று நாள் முன்னாலேயே எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. சனிக்கிழமை வடித்த கண்ணீர் எங்களுக்குத்தான், கர்த்தருக்கு இல்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? எப்சிபா என்று அடித்தேன். குழுவில் போட்டேன். கீழே இருபத்தேழு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

பட்டியலைப் பார்த்ததும் அக்கா எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள். கோயிலுக்கு வர முடியாதவர்கள் வீட்டுக் கைப்பிடி அரிசியை வாங்க நான் அன்று அந்தச் சந்துக்குப் போயிருந்தேன்.

"எப்சி, ஏன்ட்டி இப்பிடிச் செஞ்ச?"

"நான் என்னக்கா செஞ்சேன்? நீதான ஜெபத்துல வைக்கச் சொன்ன?"

"யாருட்டயும் சொல்லாதன்னும் சொன்னேம்லா?"

"யாருட்ட சொன்னேன்? ஆண்டவருட்டதான் சொன்னேன்."

"சரி. மூணு மாசத்துல சரியாப் போயிரும்னு டாக்டரு சொன்னாரே, அத ஏன் ஆண்டவருட்ட சொல்லல?"

எப்சிபா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைத் திருப்பிப் பிடித்தாள். "ஜெபத்துல எல்லாத்தையும் வெவரமா சொல்லணுமாக்கா? ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும்னா, மத்தத மட்டும் ஏன் தொண்டை கிழியக் கத்துன?"

அப்போதுதான் எப்சிபாவுக்குக் கோபம் வந்தது. பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "பதினஞ்சு வருஷமா பெஞ்சு தொடைக்கேன், செருப்ப அடுக்குதேன். ஒரு நாளாவது என் பேரு அந்த லிஸ்டுல மேல வந்துருக்கா? உனக்கு இருபத்திரண்டு வருஷம் பத்தலையா? எனக்குந்தான் ஒரே ஒரு ரூம்பு. எனக்குந்தான் மூச்சு முட்டுது."

அது பொய்யில்லை. அவளும் பத்துக்குப் பத்தில்தான் கிடக்கிறாள். "அத எங்கிட்ட கேட்டிருக்கலாமேட்டி" என்றாள் விஜயராணி அக்கா. "ஒரு மாசம் நீ, ஒரு மாசம் நான்னு பிரிச்சிருப்பேனே." எப்சிபா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் இட்லிப் பானை அக்கா வீட்டு வாசலில் இருந்தது.

டாக்டர் சொன்ன வாக்குத் தப்பவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் நடுக்கம் சுத்தமாக நின்றது. ஹமீது பாய், "யம்மா, மடிப்புக்கு ஆளு வந்துட்டு, நீங்க பொத்தானுக்கே வந்துருங்க" என்றார். அக்கா நேரே ஐயர் வீட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். எனக்கு இதை ஐயரம்மாதான் சொன்னார்.

"ஐயா, கை நின்னுட்டு. பாருங்க."

ஐயருக்கு ஒரே சந்தோஷம். "அல்லேலூயா! ஜெபம் கேக்கப்பட்டது பாத்தீங்களாம்மா! எப்சிபா அன்னைக்கு எப்பிடிக் கதறினாங்க! நவம்பர் முதல் ஞாயிறு நீங்க சபை முன்னால நின்னு, ஆண்டவர் செஞ்சத சாட்சியா சொல்லணும்."

"சொல்லுதேன் ஐயா. மேஜை?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருஷக் கடைசி வரைக்கும்னு எப்சிபாட்ட சொல்லியாச்சேம்மா. இப்ப மாத்துனா எப்சிபா மனசு நோகும். அடுத்த வருஷம் கமிட்டியில பேசுவோம்." நல்ல மனுஷன்தான். சண்டை என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். யார் விட்டுக்கொடுப்பார்களோ அவர்களிடம் போய்த்தான் விட்டுக்கொடுக்கச் சொல்லுவார்.

நவம்பர் முதல் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. மேஜையில் வெள்ளை விரிப்பு, தட்டுகளில் கிண்ணங்கள், பக்கத்தில் புதுப் புடவையில் எப்சிபா. பிரசங்கம் முடிந்ததும் ஐயர், "நம்ம சகோதரி ஒரு அற்புத சாட்சி சொல்லுவாங்க" என்று மைக்கைக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள் விஜயராணி அக்கா. குரல் நிதானமாக இருந்தது. "என் கை சொகமாயிட்டு. மாத்திரை சாப்பிட்டேன், ஆண்டவர் கிருபை செஞ்சாரு. மூணு மாசத்துல சொகமாயிரும்னு எனக்கு மொதல்லயே தெரியும். எங்கூடப் பொறக்காத தங்கச்சி ஒருத்திக்கும் தெரியும். வெளிய சொல்லாதன்னு அவ கையப் புடிச்சிக் கெஞ்சுனேன். அவ ஜெபத்துல என் நடுக்கத்தச் சொன்னா, மூணு மாசத்த முழுங்கிட்டா."

யாரோ இருமினார்கள். ஐயர் எழுந்து நின்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

"என்னைய இந்த மேஜைய விட்டு எடுக்கதுக்காகச் செஞ்ச ஜெபம் அது. தெரியாம நானும் அதுக்கு ஆமென் சொல்லிட்டேன். அந்த ஆமென இன்னைக்கு நான் திரும்ப எடுத்துக்கிடுதேன். நான் உயிரோட இருக்க வரைக்கும் யாரும் என் காரியத்த ஜெபத்துல வைக்காண்டாம்."

மைக்கைப் பெஞ்சின் மேல் வைத்தாள். வேதப்புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நடுவழியாக நடந்து வெளியே போனாள். செருப்பைத் தேடிப் போடுகிற சத்தம்கூட உள்ளே கேட்டது.

எப்சிபா தரையைப் பார்த்தபடி நின்றாள். ஐயர் தொண்டையைக் கனைத்து, பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்து பாடினார்கள்.

புதன்கிழமை விஷயம் சபையில் ஐயர் வீட்டையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. ஐயர் குடும்பத்துக்கு அது நல்ல மனசு, எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். அக்கா சொன்னது சத்தியம் என்று நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் அவள் பின்னாலேயே வெளியே போயிருக்கலாம். இத்தனை நேரம் எப்சிபாவை வாய் கிழியத் திட்டுகிற நான், அன்றைக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. எப்சிபா ஊற்றி வைத்த கிண்ணத்தை எடுத்துக் குடித்துவிட்டு, என் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.